கிழக்கு வழியாக டெட்ராய்ட்

கோவிந்தராஜனுக்கு ஐம்பத்து நாலு வயது. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் கார்களுக்கான சிறிய பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில், முப்பத்தொரு வருஷமாக வேலை. அவருடைய அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். கோவிந்தராஜன் பிறந்தது, மராத்திப் பள்ளியில் படித்தது, டிப்ளமா முடித்தது எல்லாம் புனேயிலேயேதான். கம்பெனியில் அவரை எல்லாரும் அண்ணா என்பார்கள். கடைசி எட்டு வருஷமாக 'ஹேண்ட்கேரி அண்ணா'.

அந்தப் பெயர் வந்த விதம் இது. கம்பெனி செய்யும் பாகங்களில் பாதி கப்பலில் அமெரிக்கா போகும். போய்ச் சேர ஆறு வாரம் ஆகும். எப்போதாவது ஒரு முறை கப்பலில் போன சரக்கில் ஏதாவது கோளாறு இருக்கும், அல்லது பெட்டி வேறு துறைமுகத்தில் இறங்கிவிடும். அங்கே கார்களைப் பூட்டும் அசெம்பிளி லைன் ஒரு சின்னப் பாகம் இல்லாமல் நின்றுபோகும். அப்படி நிற்காமல் இருக்க, புதிய பாகங்களைப் பெட்டிகளில் கட்டி ஓர் ஆளிடம் கொடுத்து, பயணி விமானத்திலேயே அனுப்பிவிடுவார்கள். இதுதான் ஹேண்ட்கேரி. சரக்கு விமானத்தில் போட்டால் எங்கே இறங்கும், எப்போது கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆளோடு போனால் ஆள் இறங்கும்போது பெட்டியும் இறங்கும். 2016-ல் கெட்ட பாகங்களைப் பொறுக்கிப் பிரிக்க மூன்று பேரை டெட்ராய்டுக்கு அனுப்பியபோது கோவிந்தராஜனுக்குப் பத்து வருஷ விசா கிடைத்தது. மற்ற இரண்டு பேரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆகவே பெட்டி அவர் தலையில் விழுந்தது.

அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கறுப்பு நோட்டில் ஒவ்வொரு பயணத்தையும் மணிக்கணக்கில் எழுதி வைப்பார். சிஞ்ச்வட்டிலிருந்து மும்பை விமான நிலையம் மூன்றரை மணி. மும்பையிலிருந்து லண்டன் ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்து மணி. லண்டனில் மூன்றரை மணி காத்திருப்பு. அங்கிருந்து டெட்ராய்ட் ஆறாயிரத்துச் சொச்சம், எட்டே முக்கால் மணி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மும்பையில் ஏறியதிலிருந்து டெட்ராய்டில் இறங்கும்வரை இருபத்திரண்டேகால் மணி நேரம். தூரத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வார். ஆனால் அவர் கணக்கில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. லைன் எத்தனை மணிக்கு நிற்கும், அதற்கு எத்தனை மணி முன்னால் பெட்டி ஆலை வாசலுக்குப் போகும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஜூன் மாதம் அவருடைய மகள் ப்ரீத்திக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். ப்ரீத்தி புனேயிலேயே கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை முரளியும் அங்கேதான். அவனுடைய குடும்பம் கோயம்புத்தூர். அப்பா கல்யாணசுந்தரம் பஞ்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கட்கியில் ஒரு ஹாலில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. கோவிந்தராஜனின் மனைவி கனகவல்லி மூன்று மாதமாக அந்த ஒரு நாளைக்கான வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த வாரத் திங்கட்கிழமை மதியம் அவருடைய பிரிவுத் தலைவி சுஷ்மா கூப்பிட்டாள். கப்பலில் போன சக்கர சென்சார் மூடிகளில் ஒரு லாட் முழுவதும் ஓரத்தில் பிசிறு. டெட்ராய்ட் ஆலையில் வியாழன் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நல்ல பாகம் இல்லை. இரண்டாயிரத்து நானூறு மூடிகள், ஆறு பெட்டிகள். வீட்டில் விசேஷம் என்று அவளுக்குத் தெரியும். அவள் தயங்கிக்கொண்டே கேட்டதாகத்தான் கோவிந்தராஜன் பிறகு சொன்னார். செவ்வாய் காலை ஏறினால் செவ்வாய் மாலையே அங்கே இறங்கி, புதன்கிழமை திரும்பிப் புறப்பட்டு, வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கலாம். அவர் ஒப்புக்கொண்டார். கனகவல்லி மட்டும், வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு விமானம் கிளம்பியது. கோவிந்தராஜன் எப்போதும் படம் பார்க்கமாட்டார். முன்னால் இருக்கும் சின்னத் திரையில் வரைபடத்தைப் போட்டுவிட்டு, இன்னும் போகவேண்டிய தூரம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வளைகுடாவின் மேல் போய்க்கொண்டிருந்தபோது அந்த எண் நின்றது. பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. திரையில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். வலது பக்க ஜன்னல்களில் அடித்துக்கொண்டிருந்த வெயில் இடது பக்கத்துக்குப் போயிருந்தது. பைலட் பேசுவதற்கு முன்னாலேயே விமானம் திரும்பிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேற்கே சண்டை மூண்டு, வழியிலிருந்த நாடுகள் ஒவ்வொன்றாக வான்வழியை மூடிவிட்டிருந்தன. சுற்றிப் போவதற்கு எரிபொருள் போதாது என்று பைலட் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த நாசிக் ஊர்க்காரப் பெரியவர் மட்டும், அப்படியானால் நாம் இப்போது எங்கே இறங்குவோம் என்று கேட்டார். ஏறிய இடத்திலேயே என்று கோவிந்தராஜன் சொன்னார். ஐந்து மணி நாற்பது நிமிடம் பறந்து, மதியம் பன்னிரண்டு மணிக்குள் மும்பையிலேயே இறங்கினார்கள். பாஸ்போர்ட்டில் காலையில் குத்திய புறப்பாட்டு முத்திரையின் மேல் 'ரத்து' என்று இன்னொரு முத்திரை விழுந்தது. எட்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. பெட்டிகள் வரும்வரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சுஷ்மாவிடம் பேசியபோது, வியாழக்கிழமைக்கு முன்னால் மேற்கே எந்த விமானத்திலும் இடம் கிடைக்காது என்றாள். சரக்காகவும் அனுப்ப முடியாது. ஆலைக்குச் சொல்லிவிடலாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றாள். கோவிந்தராஜன் பத்து நிமிட அவகாசம் கேட்டார். கறுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டார். மேற்கே போக முடியாது. ஆனால் உலகம் உருண்டை. கிழக்கே போனாலும் டெட்ராய்ட் வரும்.

மும்பையிலிருந்து சிங்கப்பூர் ஐந்தரை மணி. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ ஏழு மணி. டோக்கியோவிலிருந்து டெட்ராய்ட் பன்னிரண்டு மணி. மொத்தம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். வழக்கமான வழியைவிட ஆறாயிரத்துக்கு மேல் கூடுதல். ஆனால் அன்று மாலை எட்டு மணிக்கு ஏறினால், காத்திருப்பையும் சேர்த்து இருபத்தொன்பது மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே அப்போது புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணியாகத்தான் இருக்கும். லைனுக்கு இன்னும் பதினாலரை மணி பாக்கி. சுஷ்மா அதைத் தன் கம்ப்யூட்டரில் சரிபார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அண்ணா, உங்களால் முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் போன் செய்தபோது ப்ரீத்திதான் எடுத்தாள்.

"அப்பா, நீ கிழக்கே போனா, திரும்பி வரும்போது ஒரு நாள் கட் ஆகும் நா?"

"ஆவும். அதையும் சேத்துத்தான் போட்டுருக்கறேன். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஏறினா, சனிக்கிழமை காலைல மும்பை."

"பக்கா?"

"பக்கா."

கனகவல்லி பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளி சனியாகிவிட்டது. சாப்பிட்டாரா என்று கேட்கச் சொன்னார்.

ஆறு பெட்டிகளையும் சுங்கத்தில் மறுபடி பதிந்து, வேறு விமானத்துக்கு மாற்றி, எட்டு மணிக்குக் கிளம்பினார். சிங்கப்பூரில் விடியற்காலையில் இறங்கி ஒரு காபி குடித்தார். டோக்கியோவில் இரண்டு மணி நேரம். பெட்டிகள் தனக்குப் பின்னால் ஏறுகின்றனவா என்று ஊழியரிடம் மூன்று முறை கேட்டார். அந்தப் பெண் மூன்று முறையும் தலை குனிந்து பதில் சொன்னாள். புதன்கிழமை மாலை நாலரைக்கு டோக்கியோவில் ஏறியவர், பன்னிரண்டு மணி நேரம் பறந்து, அதே புதன்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு டெட்ராய்டில் இறங்கினார். ஏறிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கியிருந்தார். காரணம் அவருக்குத் தெரியும், சர்வதேசத் தேதிக்கோட்டைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தார். இருந்தாலும் கைக்கடிகாரத்தைத் திருத்தும்போது சிரிப்பு வந்தது என்றார். அந்தப் பயணத்தில் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

மாலை ஆறு மணிக்கு ஆலையின் கிடங்கில் பெட்டிகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார். பக்கத்து விடுதியில் போய்ப் படுத்ததுதான் தெரியும்.

வியாழன் காலை நாலரைக்கு ஆலையிலிருந்து போன். பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவின் பொறுப்பாளர், அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, அவரை உடனே வரச் சொன்னார். போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. முந்தைய ஷிஃப்ட் ஆட்கள் புதிய பெட்டிகளைப் பிரித்து, பழைய கெட்ட மூடிகள் இருந்த தொட்டிகளிலேயே கொட்டிவிட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. இரண்டாயிரத்து நானூறு நல்லதும் அதைப்போல் இரண்டு மடங்கு கெட்டதும் கலந்து கிடந்தன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால்தான் பிசிறு தட்டுப்படும்.

அந்தப் பெண்மணி தவறு எங்களுடையது என்று ஒளிக்காமல் சொன்னார். உங்களால் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கோவிந்தராஜன் தொட்டிகளைப் பார்த்தார். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் மாலை ஆகிவிடும். அவருடைய விமானம் மதியம் ஒரு மணிக்கு. அவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியாயிற்று. அப்படியே கிளம்பிப் போனாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த விமானம் வெள்ளி மதியம். அதில் ஏறினால் மும்பையில் ஞாயிறு காலை பத்து ஐம்பது. மேற்கு வழியில் இரண்டொரு நாளில் விமானம் விடுவார்கள் என்று பேச்சிருந்தது, ஆனால் தேங்கிக் கிடந்த கூட்டத்தில் அதில் இடம் கிடைக்க ஒரு வாரம் ஆகும்.

வெளியே வந்து கனகவல்லிக்குப் போன் செய்தார். அங்கே பிற்பகல் இரண்டே முக்கால் மணி. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு வந்து சேருவீங்க?" என்றார் கனகவல்லி.

"மூணு, மூணரை. பத்தரைக்கு என்னால முடியாது."

"நாலரைக்கு ராகு காலம் வந்துடும்."

"தெரியும்."



"நீங்க பொறுக்கிக் குடுக்கலன்னா என்னா ஆவும்?"

"லைன் நிக்கும். இவ்ளோ தூரம் சுத்திக்கினு வந்ததே வீணு."

"வேற யாருக்கும் அது தெரியாதா?"

"சொல்லிக் குடுக்கலாம். சொல்லிக் குடுக்கவே மத்தியானம் ஆயிடும்."

"அப்ப பொறுக்கிக் குடுத்துட்டே வாங்க. பாதில வுட்டுட்டு வந்தா இங்க நின்னுகினு அதையே நெனச்சிகினு இருப்பீங்க. சம்பந்திகிட்ட நான் பேசறேன்."

எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது என்று கோவிந்தராஜன் பிறகு ஒரு நண்பரிடம் சொன்னார். வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருப்பாராம். முடிவை இப்படிச் சுலபமாக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தார்.

முதல் அரை மணியில் நூறு மூடிகளைப் பிரித்துக் கொடுத்தார், லைன் ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தது. அதற்குமேல் லைன் தின்பதற்கு முன்னால் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து மணிக்கு இரண்டு பேரைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நகத்தை எப்படி வைப்பது என்று காட்டினார். அவர்கள் கை பழகியபோது மணி ஒன்று. அவருடைய இருக்கை காலியாக டோக்கியோவுக்குக் கிளம்பியிருக்கும். மாலை ஐந்தே காலுக்குக் கடைசித் தொட்டி முடிந்தது. வலது கட்டைவிரல் நகம் ஓரத்தில் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண்மணி தன் காரிலேயே அவரை விடுதியில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் என்ன விசேஷம் என்று வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். 

இதற்குள் கனகவல்லி கோயம்புத்தூருக்குப் பேசியிருந்தார். நல்லவேளையாக அவர்கள் இன்னும் ரயில் ஏறவில்லை. சமாளிக்கும் பேச்சில்லாமல், அவர் டெட்ராய்டில் மாட்டிக்கொண்டார், ஞாயிறு மூன்று மணிக்குத்தான் வருவார், நாலரைக்குள் தட்டு மாற்றிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். கல்யாணசுந்தரம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவர்கள் கோயம்புத்தூரிலிருந்து புனே வர ரயிலில் இருபத்தொன்பது மணி நேரம். கோவிந்தராஜன் பாதி உலகத்தைச் சுற்றி டெட்ராய்ட் போக எடுத்துக்கொண்ட அதே நேரம். கல்யாணசுந்தரமே இதைக் கணக்குப் பார்த்து, ரயில் பெட்டியில் இருந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

கோவிந்தராஜன் வெள்ளி மதியம் ஏறினார். கணக்குத் தப்பவில்லை. டோக்கியோவில் சனிக்கிழமை, சிங்கப்பூரில் சனி இரவு, மும்பையில் ஞாயிறு பத்து ஐம்பத்திரண்டு. வெளியே வந்து கம்பெனி காரில் ஏறும்போது பன்னிரண்டு. கட்கிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். மூன்று மணிக்குப் போய்விடலாம்.

அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது மழை. அந்த வாரம்தான் மழை பிடித்திருந்தது. மழை பிடித்த முதல் ஞாயிறு மும்பையில் பாதிப் பேர் லோனாவ்ளாவுக்கு அருவி பார்க்கப் போவார்கள். கண்டாலா மலைப்பாதையில் ஒன்றரை மணிக்கு நின்ற கார் மூன்று மணிக்கும் அங்கேயே நின்றது. இரண்டு பக்கமும் கார்கள், குடை பிடித்துக்கொண்டு நடுச் சாலையில் செல்ஃபி எடுக்கும் கூட்டம், நனைந்த சோளக்கதிர் விற்பவர்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மராத்தியில் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு.

மூன்றரைக்குக் கோவிந்தராஜன் போன் செய்தார். ஹாலில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் காத்திருந்தார்கள்.

"கண்டாலாவுல நிக்கறேன்" என்றார் கனகவல்லியிடம். "நாலரைக்கு வர முடியாது. உன் தம்பிய வெச்சி தட்ட மாத்திடுங்க. எனக்காக நிக்க வேணாம்."

கனகவல்லி பதில் சொல்வதற்குள் போன் கைமாறியது. கல்யாணசுந்தரத்தின் குரல் கேட்டது.

"சம்பந்தி, நீங்க பதறாம வாங்க. பொண்ணுக்கு அப்பன் இல்லாம தட்டு மாத்தறது எங்களுக்கும் நல்லா இருக்காதுங்க. ராகு காலம் முடியட்டும், ஆறு மணிக்கு மேல மாத்திக்கலாம். எங்களுக்கு ரயிலு ராத்திரிதானுங்க."

"உங்க எல்லாருக்கும் சிரமம்."

"உக்காந்திருக்கறதுல என்னங்க சிரமம். உங்க ஊட்டு காபி நல்லா இருக்குது."

கோவிந்தராஜன் போனை வைத்தபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் ரேடியோவைப் போடப் போனவர் போடாமல் விட்டுவிட்டார். நாலு மணிக்கு வண்டிகள் நகர ஆரம்பித்தன.

ஐந்து இருபதுக்குக் கட்கி ஹாலில் இறங்கினார். அமெரிக்காவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த அதே சட்டை. ப்ரீத்தி ஓடிவந்து, "அப்பா, பஹுத் லேட்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழிந்த நகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள், அவர் ஒன்றுமில்லை என்றார். பின்னறையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து சம்பந்திக்கு வணக்கம் சொன்னார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது கல்யாணசுந்தரம் அதை முடிக்கவிடாமல், சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்கு எத்தனை மணி என்று கேட்டார். ஏழு என்று சொல்லி உட்கார்ந்தவர், அடுத்த கேள்விக்குள் தூங்கிப்போனார். உட்கார்ந்தபடியே, வாய் திறந்து. முரளி ஒரு துண்டை மடித்து அவர் தலைக்குப் பின்னால் வைத்தான்.

ஆறு ஐந்துக்குக் கனகவல்லி அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் விழித்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, முரளிக்கு எடுத்த வேட்டி சட்டை. தட்டு கனமாக இருந்ததால் கட்டைவிரல் வலித்தது, ஆனாலும் இரண்டு கைகளாலும் பிடித்துக் கொடுத்து, இரண்டு கைகளாலும் வாங்கினார். கனகவல்லி முதல்முறையாக அன்று அழுதார், அதுவும் எல்லாரும் போட்டோவுக்கு நிற்க ஆரம்பித்த பிறகு.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை போனபோது சுஷ்மா எழுந்து நின்றாள். ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, அதில் அவர் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். கோவிந்தராஜன் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு விடுப்பு விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினார். கல்யாணம் ஜனவரியில். அதற்கு முன்னால் பதினைந்து நாள், பின்னால் ஐந்து நாள். கனகவல்லி சொல்லச் சொல்ல ப்ரீத்தி ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தது. சுஷ்மா அதை முழுவதும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். அந்த வருஷக் கடைசிக்குள் இன்னும் இரண்டு பேருக்கு விசா எடுத்தார்கள்.

ஜனவரியில் கோவிந்தராஜன் கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னாலேயே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. காலையில் சம்பந்தியோடு நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருவார். மண்டபத்தில் பந்தல் போடுகிறவர்களிடம் மராத்தி கலந்த தமிழில் ஏதாவது யோசனை சொல்லி, அவர்கள் கேட்காமல் போனதும் பேசாமல் வந்து உட்கார்ந்துகொள்வார். மூன்றாவது நாள் கனகவல்லி அவரைக் கூப்பிட்டு, சும்மா இருக்காமல் வாழையிலைக்காரருக்குப் போன் செய்து கல்யாணத்தன்று எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்கச் சொன்னார். காலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்றார் இலைக்காரர். ஏழரைக்கு வந்தார்.